எத்தனை நாளைக்குத் துணி

அனுப்பவே மாட்டேன்னு சொல்லிட்டேன். என் வாய்தான் சொல்லுச்சு, வேற யாரு வாயும் இல்ல. கும்பகோணத்துல வளையல் கடையில நின்னுக்கிட்டு, அங்க இருந்த அத்தனை பேருக்கும் கேக்கிற மாதிரி, கணீர்னு. இப்ப வலங்கைமான் வண்டியில ஜன்னலோரமா உக்காந்து, மடியில வளையல் பொட்டலம், அதுக்கு மேல செல்லு, முழிச்சுக்கிட்டு இருக்கேன். உன் வாயிலேயே போடணும்டி கமலவேணி. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதா உனக்கு? சத்துணவுக்கூடத்துல அமைப்பாளரா இருந்தவ, எத்தனை ஆபீசருக்குப் பதில் சொல்லியிருப்பே. எத்தனை பிள்ளைங்க சாப்புட்டுச்சு, எத்தனை முட்டை உடைஞ்சுது, கேட்டு வாய மூடறதுக்குள்ள டக்குனு நம்பர் சொல்வேன், அவனுங்களே அசந்து போவானுங்க. இன்னிக்கு ஒரு பையன், குரலைக் கேட்டா பரிதியை விடச் சின்னவன், மரியாதையா, தமிழ்லயே, "சிங்காரவேலு வீட்டு அம்மாங்களா, விசா விஷயமா ஒரு சின்ன விசாரணைங்கம்மா"ன்னு கேக்கிறான். உங்க மருமக பேரு என்ன, சொன்னேன். திகிஸ்த். எந்த ஊரு, சொன்னேன். எத்தியோப்பியா, ஹவாசா. எதுக்கு வர்றாங்க, அதையும் சொன்னேன், வளைகாப்புக்குன்னு. எல்லாம் சரியாத்தான் போச்சு. அப்பறம் கேட்டான் பாருங்க, "எத்தனை நாள் தங்குவாங்க?"

அதென்ன கேள்வி. வீட்டுக்கு வர்ற பொண்ணை எத்தனை நாள் தங்குவேன்னு எந்த வீட்ல கேப்பாங்க? வாசப்படி ஏறுறதுக்கு முன்னாடியே எப்ப கிளம்புறேன்னு கேக்கிறதும், பந்தியில உக்காந்தவனை எத்தனை இட்லி திம்பேன்னு கேக்கிறதும் ஒண்ணுதானே? எனக்கு சுருக்குன்னுச்சு. "அதென்ன தம்பி அப்படிக் கேக்கிறே. அது அவ வீடு. அவளுக்கு எத்தனை நாள் இருக்கணும்னு தோணுதோ அத்தனை நாள் இருப்பா"ன்னேன். அவன் விட்டானா? "இல்லம்மா, சுமாரா சொல்லுங்க"ன்னான். கடையில வளையல் எடுத்துக் குடுக்கிற பொண்ணுங்க ரெண்டு பேரும் என் வாயையே பாக்குதுங்க. மெட்டி பாத்துக்கிட்டிருந்த ஒரு அம்மா திரும்பிப் பாத்துச்சு. அங்கதான் எனக்குக் கொஞ்சம் தலை கனத்துப் போச்சு. "சுமாராவும் கிடையாது, சரியாவும் கிடையாது தம்பி. என்னைக் கேட்டா நான் அவளை அனுப்பவே மாட்டேன். பிள்ளை பொறந்து தவழ்ந்து எந்திரிச்சு நடக்கிற வரைக்கும் நானே வச்சுக்குவேன்"ன்னேன். "சரிங்கம்மா"ன்னு வச்சுட்டான். அந்த மெட்டி அம்மா, "இந்தக் காலத்துல இப்படி ஒரு மாமியாரா"ன்னுச்சு. கடைக்காரப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே ஒரு டஜன் கூடப் போட்டுக் கட்டுச்சு. எனக்கு அப்படியே ரெண்டு அடி உசந்துட்ட மாதிரி. பெருமையாத்தான் இருந்துச்சு, இல்லேங்கலை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வர்றதுக்குள்ள பரிதி கூப்பிட்டான். என் ஒரே மகன், இளம்பரிதி, அங்க காலேஜ்ல சிவில் எஞ்சினியரிங் பாடம் எடுக்கிறான். "அம்மா, உனக்கு போன் வந்துச்சா? விசாரிப்பாங்கன்னு விசா ஆபீஸ்ல இப்பத்தான் சொன்னாங்க"ன்னான். வந்துச்சேடா, எல்லாம் நல்லாச் சொன்னேன்டான்னு, சொன்னதை ஒண்ணு விடாம ஒப்பிச்சேன். கடைசிப் பேச்சை இன்னும் கொஞ்சம் ஏத்திக்கூடச் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு அவன் மெதுவாச் சொன்னான், "அம்மா, அது விருந்தாளி விசாம்மா. வந்தவ திரும்பிப் போவாளா மாட்டாளாங்கிறது ஒண்ணுதான் அவங்களுக்குத் தெரியணும். அதுக்குத்தான் உனக்கு போன் போட்டதே." திட்டலை. திட்டியிருந்தாலும் பரவாயில்ல, நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். "நான் பேசிப் பாக்கிறேன், மறுபடியும் உன்னைக் கேக்கச் சொல்றேன், கேட்டா பதினெட்டாம் தேதி கிளம்பிடுவான்னு சொல்லு, டிக்கெட்டே போட்டிருக்கு, பதினெட்டாம் தேதி, வேற ஒண்ணும் சொல்லாதே"ன்னான். கேக்கலைன்னா? கேக்கலைன்னா என்னடான்னு கேட்டேன். "பாப்போம்மா"ன்னான். அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே ஒரு விஷயம் முடியாதுன்னு தெரிஞ்சுட்டா பாப்போம்னுதான் சொல்வான்.

கண்டக்டர் வந்து மகளிர் சீட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டுப் போறார். பக்கத்துல ஒரு அம்மா வந்து உக்காருது, என் வயசு இருக்கும், கட்டைப்பை நிறைய முருங்கைக்காய், நுனியெல்லாம் என் தோள்ல இடிக்குது. "கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்"னு அது சொல்லுது, ஜன்னலுக்கு வெளியில போயா உக்கார முடியும்? வளையல் இருக்குங்க, உடைஞ்சுடும்னு சொன்னதும் முருங்கைக்காயைத் திருப்பி வச்சுக்குது. நல்ல பொம்பளைதான். வண்டி கிளம்புது. வண்டி குலுங்கறப்பல்லாம் பொட்டலத்துக்குள்ள கிணுங்குன்னு சத்தம். உடையக்கூடாது. ஒண்ணு உடைஞ்சாலும் மனசுக்கு ஆகாது. எங்க வீட்டுக்காரர் சகுனமெல்லாம் பாக்க மாட்டார், மகனுக்கே இளம்பரிதின்னு பேரு வச்ச மனுஷன், ஐயரு இல்லாம கல்யாணம் பண்ணவரு. நானும் பாக்கிறதில்லைன்னுதான் சொல்லிக்குவேன். ஆனா கண்ணாடி வளையல் விஷயத்துல அதெல்லாம் செல்லாது. செல்லைப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. சிக்னல் ரெண்டு கோடு காட்டுது. அரசலாத்துப் பாலத்துல ஏறுறப்ப ஒரு கோடா ஆச்சு, செல்லை ஜன்னல் பக்கமாத் தூக்கிப் பிடிச்சேன், இறங்கினதும் மறுபடி ரெண்டு. ஆத்துல தண்ணி இருந்துச்சா இல்லையான்னு கூடப் பாக்கலை.

அவதான் கேட்டா. அதைத்தான் அந்தப் பையன்கிட்ட சொல்லியிருக்கணும். நாங்க வான்னு கூப்பிடறதுக்கு முன்னாடி அவளே கேட்டா. என் நாத்தனார் மக வளைகாப்புக்கு நான் போயிருந்தப்ப பரிதி வீடியோவுல வந்தான், பக்கத்துல அவ. நாலாம் மாசம் அப்ப. கன்னத்துல சந்தனத்தைப் பூசி, ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் வளையலை அடுக்கி, மஞ்சத்தண்ணி சுத்தி, பாட்டுப் பாடி, எல்லாத்தையும் செல்லை நீட்டி நீட்டிக் காட்டினேன். எதுக்கு இத்தனை வளையல்னு கேட்டாளாம். வயித்துல இருக்கிற பிள்ளைக்கு அந்தச் சத்தம் கேக்கும், அம்மா இங்கதான் இருக்கான்னு அதுக்குத் தெரியும்னு சொல்லுடான்னேன். அவன் அவ பாஷையில சொன்னான். அவ செல்லுக்குப் பக்கத்துல முகத்தைக் கொண்டுவந்து, எமாயே, எனக்கும் போடுவீங்களான்னு கேட்டா. எமாயேன்னா அவங்க பாஷையில அம்மான்னு அர்த்தம். என்னை அப்படித்தான் கூப்பிடுவா. அவளுக்கு அம்மா இல்ல. காலேஜ் படிக்கிறப்பவே போயிட்டாங்களாம். அம்மா இல்லாத பொண்ணு வளையல் போடுவீங்களான்னு கேட்டா, இல்லேன்னு சொல்ல இந்த நாக்குக்கு வருமா? வாடி என் தங்கம்னு தமிழ்லயே கத்தினேன். அவளுக்குப் புரிஞ்சுது.

அவங்க வீட்ல அம்மா இல்லேங்கிறதே எங்களுக்கு லேட்டாத்தான் தெரியும். கல்யாணத்தையே செல்லுலதான் பாத்தோம். வெள்ளை வேட்டி மாதிரி ஒண்ணு போத்திக்கிட்டு ரெண்டு பேரும் நின்னாங்க, பரிதி மூஞ்சில ஒரே சிரிப்பு. எங்க வீட்டுக்காரர் ஒரு மாசம் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. நானும் தனியா சமையக்கட்டுல அழுதேன், ஏன் அழுதேன்னு இப்பக் கேட்டா சொல்லத் தெரியாது. தெருவுல கேட்டாங்க, கறுப்பா சிவப்பான்னு. நாம என்ன ரோஜாப்பூ நிறமான்னு கேட்டேன், வாயை மூடிக்கிட்டாங்க. என் அண்ணன் திகிஸ்தா, திகிலான்னு கேலி பண்ணுச்சு. அந்தப் பேருக்குப் பொறுமைன்னு அர்த்தமாம், உனக்குத்தான் கொஞ்சமும் கிடையாதுன்னேன். ஒரு மாசம் கழிச்சு ஒருநா சாப்பாட்டுக்கு நடுவுல எங்க வீட்டுக்காரர் கையைத் தட்டுலயே வச்சுக்கிட்டு, "அவங்க ஊர்ல நெல்லு விளையுமா?"ன்னாரு. அவ்வளவுதான், அதுக்கப்பறம் ஒண்ணும் தடையில்ல. நெல்லு இல்ல, ஏதோ பொடித் தானியமாம், மாவாக் கரைச்சுப் புளிக்க வச்சு, நம்ம தோசைக்கல்லு நாலு சேந்தாப்புல இருக்கிற கல்லுல ஊத்துறா. புளிச்ச தோசைதான், பேருதான் வேற. இப்ப என்ன பண்றாரு தெரியுமா, கொல்லையில பாத்ரூம்ல ஒரு ஆளை விட்டு உக்கார்ற மாதிரி கக்கூஸ் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. மாசமா இருக்கிற பொண்ணு குத்துக்கால் போட்டு உக்கார முடியுமாடின்னு என்கிட்டயே சண்டை. எனக்கு முட்டி வலின்னு எத்தனை வருஷமாச் சொல்றேன், ஒரு செங்கல்லு நகந்துச்சா? அவரு கிட்ட போயி நான் என்ன சொல்வேன்? கட்டுறதை நிறுத்துங்க, நான் வாயைக் குடுத்துக் கெடுத்துட்டேன்னா?

செல்லு அடிக்குது. அய்யோ. பச்சையை இழுக்க வரலை, விரல் வழுக்குது, முருங்கைக்காய் அம்மா "இப்படி இழுங்க"ன்னு காட்டுது. அலோ, அலோ தம்பி, நான்தான், பதினெட்டாம் தேதி... உங்களுக்குப் பிடித்த பாடலைக் காலர் ட்யூனாக வைக்கங்குது ஒரு பொம்பளைக் குரலு. நாசமாப் போக. வைக்கிறேன் இரு, ஒப்பாரியா வைக்கிறேன். பக்கத்து அம்மா சிரிக்குது. எனக்குச் சிரிப்பு வரலை. இந்த நேரம் பாத்து அந்தப் பையன் கூப்பிட்டு, லைன் பிஸின்னு வந்து, போயிட்டானோ? இன்னொரு தடவை கேப்பானா? ஒரு கிழவிக்கு எத்தனை தடவை போன் போடுவாங்க? ஏழு மாசம் தாண்டிட்டா பிளேன்ல ஏத்த மாட்டாங்களாம், பரிதி சொன்னான். இப்ப ஆறு நடக்குது. இந்தத் தடவை இல்லேன்னுட்டா மறுபடி எழுதிப் போட்டு வாங்கிறதுக்குள்ள நாளு ஓடிடும். அப்பறம் வளைகாப்பும் இல்ல ஒண்ணும் இல்ல. அவ அந்த ஊர்ல, அம்மா இல்லாத வீட்ல, மொட்டைக் கையோட பிள்ளை பெத்துக்குவா. நான் இந்த வளையலை அலமாரியில வச்சுப் பூட்டிட்டு உக்காந்திருப்பேன். என் ஒரு வாய்ச்சொல்லுல.

கடையில அளவு கேட்டாங்க. நூலைச் சுத்தி அளந்து பரிதி அனுப்பியிருந்தான், ஸ்கேலை வச்சுப் படம் எடுத்து. ரெண்டு-ஆறு வரும்னு அந்தக் கடைக்காரப் பொண்ணு சொல்லுச்சு. அப்பறம் கேட்டுச்சு, "கை எப்படிம்மா, மெத்துனு மடங்குற கையா, எலும்புக் கையா? கண்ணாடி வளையல் அளவை விடக் கைப்பதம்தான் முக்கியம்." எனக்குத் தெரியலை. முழிச்சேன். மருமக கை எப்படி இருக்கும்னு மாமியாருக்குத் தெரியலை. முகம் தெரியும், பல்லு தெரியும், காபிக்கொட்டையை அடுப்புல வறுத்து அந்தப் புகையை எனக்குக் காட்டுறப்ப அவ விரலெல்லாம் கூடப் பாத்திருக்கேன். மெத்துன்னு இருக்குமா? தொட்டாத்தானே தெரியும். ஒரு தடவை செல்லு மேலயே விரலை வச்சேன், அவ கன்னம் இருந்த இடத்துல, வீடியோ கட்டாயிடுச்சு. பரிதி சிரிச்சான். அதனால ரெண்டு-ஆறுலயும் எடுத்தேன், ரெண்டு-எட்டுலயும் எடுத்தேன். மாசமா இருக்கிறவளுக்குக் கை கொஞ்சம் வீங்கியிருக்கும். பச்சை, சிவப்பு, நடுவுல தங்கப்பொட்டு வச்சது. கறுப்பு வேண்டாம்னுட்டேன். முதல் காப்பு வேப்பங்கொழுந்துலதான், அதுக்குக் கொல்லையில மரம் இருக்கு, அதுக்கு யாரு கிட்டயும் விசா கேக்க வேண்டியதில்ல.

ஏன் எனக்கு அந்த ஒரு கேள்வி மட்டும் அப்படிச் சுருக்குன்னு குத்துச்சு? வேற யாராவது இருந்தா இருபது நாளுன்னு சொல்லிட்டுப் போயிருப்பாங்க. என் நாத்தனாரைக் கேட்டிருந்தா சொல்லியிருக்கும். எனக்கு வரலை. எனக்கு எப்படி வரும்? எனக்கும் அப்ப அம்மா இல்ல. பரிதி வயித்துல இருந்தப்ப வளைகாப்பு போட்டு, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பணுமே, எங்க இருக்கு தாய்வீடு? மன்னார்குடியில அண்ணன் வீடுதான். அண்ணன் வந்து அழைச்சுக்கிட்டுப் போச்சு. கை நிறைய வளையல், பஸ்ல எல்லாரும் என் கையையே பாத்தாங்க, எனக்கு வெக்கமா இருந்துச்சு. பெரிய பை ஒண்ணு. அதுல என் துணி, பிள்ளைக்குன்னு பழைய பருத்திப் புடவையெல்லாம் கிழிச்சுத் துவைச்சு மெத்துன்னு மடிச்சு வச்சது, ஒரு குட்டி எண்ணெய்ச் சீசா. வாசல்ல அண்ணி நின்னாங்க. பையைப் பாத்தாங்க. வான்னாங்க, வாங்கலேன்னு சொல்லக்கூடாது. காபி குடுத்தாங்க. நான் ஒரு வாய் குடிச்சிருப்பேன், அப்பத்தான், சிரிச்ச முகமாத்தான் கேட்டாங்க, "கமலம், எத்தனை நாளைக்குத் துணி எடுத்துக்கிட்டு வந்திருக்கே?" அண்ணன் செய்தித்தாளைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. பக்கத்தைத் திருப்புச்சு. நான், "ரெண்டு நாளைக்குத்தான் அண்ணி"ன்னேன். ரெண்டு நாளைக்கு எதுக்கு அவ்வளவு பெரிய பைன்னு யாரும் கேக்கலை. பையைத் திறக்கவே இல்ல நான். கட்டின புடவையையே அலசிக் காயப்போட்டுக் கட்டிக்கிட்டேன். மூணாம் நாள் காலையில இதே மாதிரி ஒரு வண்டியில எட்டு மாச வயித்தோட தனியா ஏறி வந்தேன். வளையலெல்லாம் கிணுங்கிக்கிட்டே வந்துச்சு. ஒரு கையால இன்னொரு கையை அமுத்திப் பிடிச்சுக்கிட்டு வந்தேன், சத்தம் கேக்காம இருக்கட்டும்னு. பரிதி கும்பகோணம் பெரியாஸ்பத்திரியிலதான் பொறந்தான். எங்க வீட்டுக்காரர்தான் அந்தப் பையைத் திறந்து துணி எடுத்துக் குடுத்தாரு.

அண்ணி போய்ச் சேர்ந்துட்டாங்க. அவங்க மேல இப்ப ஒண்ணும் இல்ல. அவங்க வீட்லயும் மூணு பிள்ளைங்க, அண்ணன் சம்பாத்தியம் தெரிஞ்சதுதான். ஆனா அந்தக் கேள்வி மட்டும் போகலை. அது எங்கேயோ உள்ள உக்காந்துக்கிட்டு இருந்திருக்கு. சத்துணவுல இருந்தப்ப பக்கத்து ஊரு பிள்ளை தப்பி வந்து உக்காந்தாலும் நீ யாருன்னு கேக்க மாட்டேன், தட்டை வை முதல்லம்பேன். வீட்டுக்கு வந்தவங்க கிளம்புறேன்னா ஒரு நாள் இருந்துட்டுப் போங்கன்னு பையை ஒளிச்சு வைப்பேன், எங்க வீட்டுக்காரர் கூடக் கடிஞ்சுக்குவாரு, அவங்களுக்கு வேலை வெட்டி இல்லையாடின்னு. திகிஸ்த் ஊர்லயும் அப்படித்தானாம். அவங்க காபியை மூணு சுத்து ஊத்துவாங்களாம். முதல் சுத்துலயே எந்திரிச்சுப் போனா மரியாதை இல்லையாம், மூணாவது குடிச்சாத்தான் வீட்டுக்கு ஆசீர்வாதமாம். கேட்டப்ப நம்ம பொண்ணுடான்னு பரிதி கிட்ட சொன்னேன். இப்படியெல்லாம் இருக்கிற என்னைப் போயி எத்தனை நாள்னு கேட்டா? ஆனா தம்பி, நீ கேட்டது வேற இல்ல? நீ அவளை விரட்டுறதுக்குக் கேக்கலை. உள்ள விடறதுக்குக் கேட்டே. எனக்கு அது புரியலைப்பா. சத்தியமாப் புரியலை. கூப்பிடு. ஒரே ஒரு தடவை கூப்பிடு. அழகாச் சொல்றேன். பதினெட்டாம் தேதி. பதினெட்டாம் தேதி கிளம்பிடுவா. இதுல என்ன கஷ்டம்? சொல்லிப் பாத்துக்கிறேன். பதினெட்டாம் தேதி போயிடுவா. அய்ய, போயிடுவாங்கிற வார்த்தையே வேண்டாம், மாசமா இருக்கிறவளை. கிளம்பிடுவா. பதினெட்டாம் தேதி கிளம்பிடுவா.

சாக்கோட்டை தாண்டியாச்சு. பள்ளிக்கூடப் பொண்ணுங்க கூட்டமா ஏறுதுங்க, ஒண்ணு பொட்டலத்து மேல சாயப் பாத்துச்சு, "ஏய், பாத்து பாத்து, வளையல்"னேன். "யாருக்கு ஆன்ட்டி கல்யாணம்?"ங்குது. கல்யாணம் இல்லடி, வளைகாப்பு. சொல்லலாம்னு வாயெடுத்தேன், சொல்லலை. நடக்கும்னு தெரிஞ்சாத்தானே சொல்ல. வெயிலு ஜன்னல் வழியா மடியில விழுது, செல்லு சுடுது. கண்ணாடிக்கு வெளியில வெடிக்கடை போர்டெல்லாம் வர ஆரம்பிச்சாச்சு, அப்ப வலங்கைமான் வந்தாச்சுன்னு அர்த்தம். இன்னும் கொஞ்ச தூரம். இறங்கினா ஸ்டாப்புல எங்க வீட்டுக்காரர் டி.வி.எஸ் வச்சுக்கிட்டு நிப்பாரு, என்னாச்சுன்னு கேப்பாரு. அப்பத்தான் அடிச்சுது. இந்தத் தடவை காலர் ட்யூன் இல்ல. அதே குரலு. "அம்மா, கொஞ்ச நேரம் முன்னாடி பேசினேனே. உங்க பையன் மறுபடி ஒரு தடவை கேக்கச் சொன்னாரு. உங்க மருமக எத்தனை நாள் தங்குறாங்க, எப்ப திரும்பிப் போறாங்க?"

"தம்பி, பதினெட்டாம் தேதி!" டிரைவர் ஆரன் அடிக்கிறான், பொண்ணுங்க கத்துதுங்க, "கேக்கலைம்மா, கொஞ்சம் சத்தமா"ங்கிறான் அவன். கத்தினேன். "பதினெட்டாம் தேதி அனுப்பிடுவோம்!" அனுப்பிடுவோம்னே வந்துடுச்சு வாயில. "உறுதியாவா? முன்னாடி பிள்ளை நடக்கிற வரைக்கும்னு சொன்னீங்களே?" அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது, தேதி மட்டும் பத்தாதுன்னு. இந்தப் பையன் நம்புற மாதிரி ஒருத்தர் சொல்லணும். எப்படிச் சொன்னா நம்புவாங்கன்னு எனக்குத் தெரியும். நான் கேட்டிருக்கேன், கேட்ட உடனே நம்பிட்டேன். "அதெல்லாம் சும்மா வாய்க்குச் சொன்னது தம்பி! பிள்ளையெல்லாம் இங்க பெத்துக்க முடியாது! அவ ஊர்லதான் பாத்துக்கணும்! இருபது நாளைக்குத்தான் துணி எடுத்துக்கிட்டு வரச் சொல்லியிருக்கேன். அதுக்கு மேல ஒரு துணி எடுத்துக்கிட்டு வரக்கூடாதுன்னு சொல்லிட்டேன்! பதினெட்டாம் தேதி நானே கொண்டுபோயி ஏத்தி விட்டுருவேன், ஒரு நாள் கூட வச்சுக்க மாட்டேன்!" அந்தப் பக்கம் ஏதோ எழுதுற சத்தம். "சரிங்கம்மா. இதுதான் வேணும். இது போதும், கவலைப்படாதீங்க. வளைகாப்பை நல்லபடியா நடத்துங்க"ன்னான். இதுதான் வேணும்னான். நான் சொன்னதை நானே கேட்டேன், அது என் குரலே இல்ல. அண்ணி, உங்க வாயை இன்னிக்குக் கடன் வாங்கிட்டேன் அண்ணி.

பள்ளிக்கூடப் பொண்ணுங்க கூட வாயை மூடிக்கிட்டு என்னையே பாக்குதுங்க. முருங்கைக்காய் அம்மா கட்டைப்பையைத் தன் பக்கமா இழுத்துக்கிச்சு. "மருமகளா?"ன்னுச்சு. ஆமான்னேன். "மாசமா இருக்கா?" ஆமா. "மொதப் பிள்ளையா?" ஆமா. "அந்தப் பொண்ணுக்கு அம்மா இருக்காங்களா?" இல்லேன்னேன். அது என்னை ஏற இறங்கப் பாத்துச்சு. "அதான்"னுச்சு. "கேக்க ஆளில்ல. அதான் இப்படிப் பேசுறீங்க. உங்களுக்கெல்லாம் பொண்ணு பொறந்திருக்கணும்." சொல்லிட்டு எந்திரிச்சுப் போயி முன்னாடி கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு, அவ்வளவு கனத்தைத் தூக்கிக்கிட்டு. கூப்பிட்டுச் சொல்லலாம். ரெண்டு வார்த்தையில புரிய வச்சுடலாம். கூப்பிடலை, பொட்டலத்தை மடியோட அணைச்சுக்கிட்டேன். இந்த மாதிரி ஒரு அம்மா அன்னிக்கு மன்னார்குடியில, அண்ணன் வீட்ல இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு ஓடுது. நல்லாக் கேட்டீங்க. நல்லா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டீங்க. கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துச்சு, முந்தானையால துடைச்சேன், அதையும் வேஷம்னுதான் நினைச்சிருக்கும் அந்தப் பொம்பளை. நினைச்சுக்கட்டும்.

வலங்கைமான் கடைத்தெரு வந்துச்சு. யாரும் வழி விடலை, நானே பொட்டலத்தைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு இடிச்சுக்கிட்டு இறங்கினேன். கிணுங்குன்னுச்சு. ஒண்ணும் உடையலை, உடைஞ்ச சத்தம் வேற மாதிரி இருக்கும். எங்க வீட்டுக்காரர் மருந்துக்கடை ஓரமா நிழல்ல நிக்கிறாரு, கையெல்லாம் சிமெண்டு, வேட்டியெல்லாம் சிமெண்டு, என் மூஞ்சியைப் பாத்ததும் வண்டியை ஸ்டாண்டு போட்டுட்டுக் கிட்ட வந்தாரு. "என்னடி, என்னாச்சு? பரிதி போன் பண்ணினான், விசா என்னாச்சுன்னு கேட்டேன், பதில் சொல்லாம வச்சுட்டான்." என்ன சொல்றது, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது? வளையல் கடையிலேர்ந்தா, மன்னார்குடியிலேர்ந்தா? வாயில வந்தது ஒண்ணுதான்.

"பதினெட்டாம் தேதி போயிடுவா"ன்னேன்.

அவரு சிமெண்டுக் கையை வேட்டியில துடைச்சாரு. பொட்டலத்தை என் கையிலேர்ந்து ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாரு.

"அப்ப வர்றாளா?"ன்னாரு.